ஏலத்துக்கு வந்த குரல்



எங்கள் போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்று சொன்னால் வெளியூர்க்காரர் ஒரு கணம் திகைத்து நிற்பார். மேற்கே மலையில் விளைவதும் ஏலம்; அதைக் கீழே கொண்டு வந்து விலை கூறி விற்பதும் ஏலம். 'ஏலத்தை ஏலத்துக்குக் கொண்டு போகிறேன்' என்று ஒரு விவசாயி சொன்னால் எங்களுக்கு அதில் குழப்பமே இல்லை. செடியின் பெயர் நம் பழைய இலக்கியங்களிலேயே உள்ளது. விற்பனையின் பெயரோ கடல் கடந்து வந்தது. போர்ச்சுகீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லே தமிழர் நாவில் ஏலமாயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லுக்கு மூலம் தேடிப் போனால் அரபி மொழியின் 'இஃலாம்' என்ற சொல்லில் போய் நிற்கும். இஃலாம் என்றால் அறிவித்தல். பலர் அறியச் சொல்லி, மறைக்காமல் விற்பதே ஏலம் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இம்மாதம் நான் எழுத வந்தது ஏலக்காயைப் பற்றியன்று. கைப்பேசித் திரையில் நடக்கும் ஏலத்தைப் பற்றி. அங்கே விலைபோன ஒரு பொருளில் என்னுடைய கையெழுத்தே இருந்தது. ஆகவே இதை எழுதாமல் விட என் மனம் இடம் கொடுக்கவில்லை.

பரண் மேல் இருந்த பெட்டி

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று தங்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கணினி படித்துவிட்டு வீட்டில் இருந்தபடியே சில்லறை வேலைகள் செய்து வரும் மருமகன், முகமெல்லாம் மகிழ்ச்சியாக என் அருகில் வந்து அமர்ந்தான்.

"மாமா, உங்கள் கையெழுத்துக்கு வெளிநாட்டில் என்ன மதிப்புத் தெரியுமா?" என்றான்.

கைப்பேசியை நீட்டினான். அதில் ஒரு பழைய கேசட்டின் படம். உறையில் நீல மையில் பாடல்களின் வரிசை எழுதப்பட்டிருந்தது. 'ஹ' எழுதும்போது வாலை நீட்டி விடுவது சிறு வயதில் என் வழக்கம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய எழுத்து, கடல் கடந்த யாரோ ஒருவரின் விலைக்காகத் திரையில் காத்திருந்தது.

விஷயம் இதுதான். மர்ஹூம் எங்கள் அத்தா, 1980களின் பிற்பகுதியிலிருந்து கேசட்டின் காலம் முடியும்வரை போடியில் ஒரு சிறிய ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார்கள். அந்தக் கடையின் மிச்சம் ஒரு தகரப் பெட்டியில் தங்கை வீட்டுப் பரணில் கிடந்தது. மருமகன் அதை இறக்கித் துடைத்து, இணைய ஏலத்தில் ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கியிருக்கிறான். பழைய இசைத்தட்டும் ஒலிநாடாவும் சேர்ப்பவர் உலகெங்கும் இருக்கிறார்கள். கடையில் கிடைக்காத பதிவு, மேடையில் யாரோ பிடித்த பதிவு என்றால் அவர்களுக்குப் பித்து அதிகம். நான்கு கேசட்டுகளில் 26,000 ரூபாய் வந்திருந்தது.

தங்கையின் நிலைமையையும் நேயர்கள் அறிய வேண்டும். மச்சான் போடிமெட்டுக்கு மேலே கேரள எல்லைக்குள் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். 2024ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து இடுக்கி மலைகளில் ஏலச்செடிகள் கருகியபோது அவருடைய செடிகளும் கருகின. ஏலச்செடி நட்டுக் காய்க்க ஆண்டுகள் ஆகும். கருகுவதற்கு ஒரு கோடை போதும். குத்தகைப் பணமும் நகைக் கடனும் கழுத்தை நெரித்தன. அந்த 26,000 ரூபாய் வங்கியில் வட்டிக்கே போயிற்று. மகன் ஒருவன் குடும்பத்திற்குத் தோள் கொடுக்கிறான் என்று தங்கை அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்திக்கொண்டிருந்தாள்.

நானும் மகிழ்ந்தேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "இந்தக் கேசட் விற்றுப் போய்விட்டதென்றால், பெட்டியில் இருப்பது எது?"

படத்தில் இருந்த அதே கேசட் பெட்டியிலும் இருந்தது.

அவன் மறைக்கவில்லை. பழைய நாடாவைக் கணினியில் ஏற்றி, பழைய சாமான் கடையில் வாங்கிய பழைய கேசட்டுகளில் மறுபடி பதிவு செய்து, என் கையெழுத்திட்ட உறையை மங்கிய தாளில் நகலெடுத்துச் செருகி, 'ஒரே ஒரு பிரதி' என்று விளம்பரம் செய்திருந்தான். நண்பன் ஒருவனை வேறொரு பெயரில் ஏலம் கேட்கச் செய்து விலையையும் ஏற்றியிருந்தான். "எல்லாரும் செய்வதுதான் மாமா" என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். ஆனால் அந்த நீல மை என் வாயை அடைத்தது.

கடையில் நான் கற்ற பாடம்

அந்நாளைய ரெக்கார்டிங் கடை எப்படி நடந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் ஒரு தாளில் வேண்டிய பாடல்களை எழுதிக் கொண்டு வருவார். வெற்றுக் கேசட்டை அவரே தருவார், அல்லது கடையில் வாங்குவார். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்திற்கு 30 நிமிடம். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்தோ மற்றொரு கேசட்டிலிருந்தோ அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து கொடுப்பார். பாடலுக்கு இவ்வளவு என்று கூலி. தமிழ்நாட்டில் இத்தகைய கடை இல்லாத ஊர் அன்று அரிது.

பள்ளி விட்டதும் கடைக்குப் போய் உறைகளில் பாடல் வரிசை எழுதுவது என் வேலை. ரமலான் நெருங்கினால் நாகூர் இ.எம்.ஹனீபா அவர்களின் பாடல்களுக்கு ஓய்வே இருக்காது. சினிமாப் பாடல்களுக்கும் அப்படியே. மலைத் தோட்டங்களுக்கு ஜீப்பில் போகும் தொழிலாளர்கள் வாங்கிப் போவார்கள். மீலாது மேடைகளில் மைக் செட்டிலிருந்து கம்பி இழுத்து அத்தாவே பதிவு செய்வதும் உண்டு. உள்ளூர்ப் பாடகர்கள் தப்ஸ் தட்டிப் பாடிய பாடல்கள் அப்படித்தான் நாடாவில் ஏறின. அவற்றையும் பிரதி எடுத்து விற்றோம்.

பாடியவருக்கு ஒரு காசு கொடுத்தோமா? எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? இல்லை. அது தவறு என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை. அத்தா தராசில் ஒரு குன்றிமணி குறைத்தறியாதவர்கள். கடன் வாங்கினால் தேதி தவறாதவர்கள். அப்படிப்பட்டவர்களின் கண்ணுக்கும் இது படவில்லை. பொருளைத் திருடினால் உடையவனிடம் அது இல்லாமல் போகும். குரலைப் பிரதி எடுத்தால் உடையவனிடமும் அது இருக்கிறது. ஆகவே திருட்டு என்று தோன்றுவதில்லை.

கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் வரலாறு படித்த நாட்களில்தான் இது பற்றி முதன்முதலாகச் சிந்தித்தேன். சிந்தித்தேனே தவிர, பரணில் இருந்த பெட்டியைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை.

காலணிக்குள் ஒளித்த சரக்கு

அனுமதியின்றிப் பிடித்து விற்கும் இசைப்பதிவுக்கு ஆங்கிலத்தில் 'பூட்லெக்' என்று பெயர். முழங்கால் வரை நீண்ட காலணிக்குள் மதுப்புட்டியை ஒளித்துக் கொண்டுபோய் விற்ற அமெரிக்கக் கள்ளச் சாராயக்காரர்களிடமிருந்து வந்த சொல் அது. அறிவித்தல் என்பது ஏலத்தின் வேர்ச்சொல். ஒளித்தல் என்பது இதன் வேர்ச்சொல். இவ்விரண்டும் ஒரே திரையில் சந்திக்கும்போது ஏதோ ஒன்று பொய்யாகத்தான் வேண்டும்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாப் டிலன் என்ற பாடகரின் வெளிவராத பாடல்களைத் திரட்டி, பெயரில்லாத வெள்ளை உறையில் யாரோ இசைத்தட்டாக விற்றார்கள். மேல்நாட்டில் இவ்வணிகம் பரவுவதற்கு அதுவே பெரும் தொடக்கமாயிற்று. ஆனால் அனுமதியில்லாப் பதிவு எல்லாமே பேராசையால் பிறந்ததென்று சொல்லிவிட முடியாது. நியூயார்க் நகரின் பெரிய இசையரங்கில் நூலகராயிருந்த லயனல் மேப்பிள்சன் என்பவர், 1901 முதல் 1903 வரை எடிசனின் மெழுகு உருளைக் கருவியால் மேடைப் பாடல்களைத் துண்டு துண்டாகப் பதிவு செய்தார். ழான் டி ரெஸ்கே என்ற புகழ்பெற்ற பாடகரின் குரல் இன்று உலகில் எஞ்சியிருப்பது அந்த உருளைகளில் மட்டுமே. மேப்பிள்சன் அன்று அதைச் செய்திராவிட்டால் அக்குரல் மண்ணோடு போயிருக்கும்.

நம் பக்கத்தையும் பாருங்கள். இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது மலைத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர் நடுவே ஊர் ஊராகப் பாடினார். அவருடைய தம்பி இளையராஜா சிறுவனாக அக்குழுவில் சேர்ந்ததும் அப்போதுதான். அன்று தேயிலைக் காட்டில் ஒலித்த குரலைப் பிடித்து வைக்க மலையில் கருவி ஏது? காற்றில் வந்தது காற்றோடு போயிற்று. பாதுகாப்பது நல்ல காரியம் என்பதில் ஐயமில்லை. பாதுகாத்தவர் அதற்கு உடைமையாளர் ஆகிவிடுவாரா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி சிறியதன்று. அதே இளையராஜா, தாம் இசையமைத்த பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாதென்று 2017ஆம் ஆண்டு எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அவர்களுக்கே வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியது நாடறிந்த செய்தி. பாடலுக்கு உரியவர் யார், இசையமைத்தவரா, பதிவு செய்த நிறுவனமா, படத் தயாரிப்பாளரா என்ற வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றன. உரியவர்கள் தமக்குள் வாதாடும் பொருளில், ஒரு வெற்றுக் கேசட்டை வாங்கியவனுக்கு என்ன பாத்தியதை இருக்க முடியும்?

குத்தகையும் உடைமையும்

மருமகனுக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். "உன் அத்தா மலையில் தோட்டம் குத்தகைக்கு எடுத்தார். காய் பறிக்கலாம், ஸ்டோரில் உலர்த்தலாம், விற்கலாம். அந்த நிலத்தையே இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியுமா?"

"முடியாது மாமா."

"காசு கொடுத்துக் கேசட் வாங்கியவனும் அவ்வளவுதான். கேட்கலாம், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம், வேண்டாமென்றால் அந்த ஒரு கேசட்டை மற்றொருவருக்குக் கொடுக்கலாம். அதிலிருந்து நூறு பிரதி எடுத்து விற்பது நிலத்தையே எழுதிக் கொடுப்பது போன்றது."

நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை நிற்கும். பாடலை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் ஆயுள் முழுவதும் நின்று, மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்குத் தொடரும். தெரிந்தே மீறி விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கேசட் வியாபாரம் கொழித்த 1984ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டு, ஒவ்வொரு ஒலிப்பதிவின் உறையிலும் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளர் விவரம், வெளியான ஆண்டு ஆகியவை அச்சிடப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. எங்கள் கடை உறைகளில் இவற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. என் கையெழுத்து மட்டுமே இருந்தது.

மார்க்கத்தின் நிலை என்ன? இசைக்கருவிகளைப் பற்றி உலமாப் பெருமக்களிடையே உள்ள கருத்து வேற்றுமை தனி. அதை இங்கே நான் எடுக்கவில்லை. உழைப்பின் உரிமை பற்றியே பேசுகிறேன். 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமை, கண்டுபிடிப்பாளரின் உரிமை, வணிகப் பெயர் போன்ற கையால் தொட முடியாத உரிமைகளும் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவையே, அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்று தீர்மானித்தது.

பயான் கேசட்டுகளை நாம் தாராளமாகப் பிரதி எடுத்துப் பழகியவர்கள். எகிப்தில் ஷெய்கு அப்துல் ஹமீது கிஷ்க் அவர்களின் குத்பாக்கள் 1970களில் அப்படித்தான் அரபுலகமெங்கும் பரவின. மார்க்க உரை பரவ வேண்டும் என்பதற்காகப் பேசுபவரே 'பிரதி எடுங்கள்' என்று சொல்வது உண்டு. உரியவர் திறந்து விட்ட வாசல் அது. ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதற்காகத் தெருவில் உள்ள எல்லா வீட்டிலும் நுழைய முடியுமா?

கம்பளியும் கிண்ணமும்

ஏலமே தவறு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அண்ணல் நபி (ஸல்) அவர்களே ஏலம் போட்டிருக்கிறார்கள். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று வினவி, ஒரு விரிப்பையும் ஒரு கிண்ணத்தையும் கொண்டுவரச் செய்தார்கள். அவற்றைத் தம் கையில் பிடித்து வாங்குவோர் உண்டா என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். மேலும் தருவோர் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்க, மற்றொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. கோடரிக்குக் காம்பை நாயகம் (ஸல்) அவர்களே பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படி அனுப்பி வைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ போன்ற நூல்களில் பதிவாகியிருக்கும் சம்பவம் இது.

கவனியுங்கள். அங்கே பொருள் கையில் இருந்தது. பழசு என்பது கண்ணுக்குத் தெரிந்தது. விலையை ஏற்றியவர் உண்மையில் வாங்கும் எண்ணத்துடன் ஏற்றினார். வாங்கும் எண்ணமின்றிப் பிறரை ஏமாற்ற விலையை ஏற்றுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். அதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மருமகனின் நண்பன் வேறொரு பெயரில் செய்தது அதுவேதான். அந்நாளில் சந்தையில் ஆள் நிறுத்துவார்கள். இந்நாளில் கணக்கு ஒன்று திறக்கிறார்கள்.

மற்றொரு சம்பவத்தையும் நேயர்கள் அறிவீர்கள். சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்று வியாபாரத்திற்கும் தம் சமூகத்திற்கும் உறவில்லை என்று கண்டித்தார்கள்.

போடிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஏலக்காய் சரியாக உலராவிட்டால் எடை கூடும், பிறகு பூசணம் பிடிக்கும். அதனால்தான் நறுமணப் பொருள் வாரியம் இங்கே மின்னணு ஏலத்தை 2007ஆம் ஆண்டு கொண்டு வந்த பிறகும், விலை மட்டும் திரையில் ஓடுகிறது. சரக்கின் மாதிரி வியாபாரியின் உள்ளங்கைக்கு வருகிறது. அவர் நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், தோலை உரித்து முகர்ந்து பார்க்கிறார். அதன் பிறகே பொத்தானை அழுத்துகிறார். கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு விற்பவனின் வார்த்தைதான் மாதிரி. அந்த வார்த்தை ஈரமாக இருந்தால்?

இணைய ஏலத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் இன்று ஈபே என்று அறியப்படும் ஏலத் தளத்தைத் தொடங்கியபோது, அதில் முதலில் விற்ற பொருள் உடைந்த லேசர் விளக்கு. உடைந்தது என்று தெரியுமா என்று வாங்கியவரிடம் அவர் கேட்டே விற்றார். வாங்கியவரோ உடைந்த லேசர் விளக்குகளைச் சேர்ப்பவராம்! உள்ளதைச் சொன்னாலும் வாங்க ஆள் உண்டு. அனுமதியில்லா இசைப்பதிவை விற்கக் கூடாது என்பது அந்தத் தளத்தின் விதியாகவே இருக்கிறது.

கணக்கைத் தீர்த்த விதம்

இத்தனையும் சொன்ன பிறகு மருமகன் தலை குனிந்து இருந்தான். பிறகு மெல்லக் கேட்டான். "அப்படியானால் நன்னா செய்ததும் தவறுதானா மாமா?"

நேயர்களே, அந்தக் கேள்விக்கு நான் அன்று உடனே பதில் சொல்லவில்லை. மஃரிபு தொழுதுவிட்டு வந்து சொன்னேன். "ஆம், தவறுதான். அறியாமல் செய்தார்கள். உறை எழுதிய எனக்கும் அதில் பங்கு உண்டு. நீ அறிந்து செய்தாய். எனினும் உனக்கு வழி காட்டிய பெட்டியைப் பரணில் விட்டு வைத்தவன் நான்."

அத்தாவின் மீது குறை சொல்லிவிட்டேனே என்று தங்கைக்கு வருத்தம். "மௌத்தானவர்களைப் பற்றி இப்படிப் பேசலாமா அண்ணே?" என்றாள். மௌத்தானவர்களின் கடனை அடைப்பதே அவர்களுக்குப் பிள்ளைகள் செய்யும் பேருதவி என்று நாம்தானே ஜனாஸா வீடுகளில் சொல்கிறோம். காசுக்கடன் மட்டும்தான் கடனா?

நான்கு பேருக்கும் மருமகன் உண்மையை எழுதினான். நண்பனை வைத்து விலை ஏற்றியதையும் மறைக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றான். பணம் வங்கிக்குப் போய்விட்டதால் என் சம்பளத்திலிருந்து மாதம் ஒருவராக நான்கு மாதங்களில் கொடுத்து முடிப்பதாக ஏற்பாடு. ஒருவர் கடுமையாகத் திட்டிப் பதில் எழுதினார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஒருவர் கேசட்டையே திருப்பி அனுப்பினார். மற்ற இருவரிடமிருந்து நெடுநாள் பதில் இல்லை. இருந்தும் அவர்கள் பணத்தை வந்த வழியிலேயே அனுப்பி வைத்தோம். அத்தா காலத்துப் பாக்கியில் உரியவர் இன்னாரென்று தெரியாதவை ஏராளம். அவற்றுக்கு ஒரு தொகையைக் கணித்து, உரியவர்களின் பெயரால் தர்மம் செய்ய நிய்யத்து வைத்திருக்கிறோம். வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

பெட்டியில் நிறுவனங்கள் வெளியிட்ட அசல் இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் சில இருந்தன. அவற்றை மருமகன் இப்போது கீறல், பூசணம், ஒலிக்குறை எல்லாவற்றையும் எழுதிப் படம் எடுத்துப் போட்டு விற்கிறான். விலை முன்புபோல் வருவதில்லை. குத்தகைக் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஹலாலான வழி உடனே பெட்டியை நிரப்பிவிடும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

விற்க முடியாத ஒன்று

மீதம் இருந்தது மீலாது மேடையில் அத்தா பிடித்த ஒரு நாடா. 1991 என்று உறையில் எழுதியிருந்தது. தப்ஸ் தட்டிப் பாடிய உள்ளூர்ப் பாடகர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள் மூன்று தெரு தள்ளி இருக்கிறார்கள் என்று பள்ளிவாசலில் விசாரித்து அறிந்து, மருமகனையும் அழைத்துக்கொண்டு போனேன்.

மலைக்காற்றின் ஈரம் ஏலக்காய்க்கும் ஆகாது, நாடாவுக்கும் ஆகாது. ஓரங்களில் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. மருமகன் அதை உலர்ந்த பஞ்சால் பொறுமையாகத் துடைத்து, கருவியின் முகப்பையும் சுத்தம் செய்து, அதன் பிறகே ஒருமுறை ஓட விட்டுக் கணினியில் ஏற்றியிருந்தான்.

எழுபதை நெருங்கும் அந்த அம்மா, கைப்பேசியில் குரல் எழுந்ததும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். அத்தா வந்துவிட்டார் என்பது போல. அவர்களிடம் தந்தையின் குரல் ஒரு சொல்கூட இல்லையாம். ஒரே ஒரு புகைப்படம்தான் இருக்கிறதாம். பாட்டு முடிந்தது. இதை விற்க உங்கள் சம்மதம் கிடைக்குமா, கிடைத்தால் பாதிப் பணம் உங்களுடையது என்று கேட்பதற்காகத்தான் மருமகன் வந்திருந்தான். அவன் வாய் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை போடு தம்பி" என்றார்கள் அவர்கள்.

மூன்று தடவை போட்டான். திரும்பி வரும்போது அவனே சொன்னான். "மாமா, இது ஏலத்துக்கு வேண்டாம்." நாடாவையும் பிரதியையும் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டோம். அமானிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அதைக் குப்பையில் கொட்டி விடாதீர்கள். அவசரப்பட்டு விற்கவும் விடாதீர்கள். முதலில் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். உறையில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அச்சாகியிருந்தால் அது அசல், உங்கள் பொருள், உள்ள குறையைச் சொல்லி விற்பதில் தடையில்லை. கையால் எழுதிய உறை என்றால் அது பிரதி, விற்கத் தக்கதன்று. மேடைப் பதிவு என்றால் பாடியவரை, அவர் இல்லையேல் அவர் பிள்ளைகளைத் தேடிப் போங்கள். அவர்கள் தரும் அனுமதி எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விலையைத் திரையில் பார்த்து மயங்கும் பிள்ளைகளுக்கு, பொருளுக்கு உரியவர் யார் என்று முதலில் கேட்கக் கற்றுக் கொடுங்கள்.

பெட்டியில் எஞ்சியிருந்த கடைப் பிரதிகளின் உறைகளை எல்லாம் நான் எடுத்து வைத்திருக்கிறேன். மத்ரஸாவில் பிள்ளைகள் எழுத்துப் பழகும்போது, 'ஹ'வின் வாலை இவ்வளவு நீட்டாதே என்று சொல்ல நேரும்போதெல்லாம் அந்த நீல மை நினைவுக்கு வருகிறது. நாம் எழுதியது எங்கே போய் எந்நாளில் நம் முன் வந்து நிற்கும் என்று நாம் அறியோம். நம் கைகள் செய்தவற்றை மறுமையில் நம் முன் நிறுத்தப்போகும் இறைவன், அவற்றை இம்மையிலேயே சரி செய்துகொள்ளும் தௌஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.